மூன்றாவது மாடிக்கு வந்த கடல்

ஆனி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபதுக்கு, கரூரில், பூந்தோட்டம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலுக்குள் கடல் வந்தது. டி.வி. மாட்டியிருக்கும் சுவரின் அடியிலிருந்து, அவசரமே இல்லாமல், பலநாள் பழகிய உறவுக்காரர் போல உள்ளே வந்து, சோபாவின் கால்களைச் சுற்றி, கணுக்கால் அளவுக்கு நின்று, முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. என் மனைவி வசுமதி கையில் தோசைக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஹால்ல கடல் வந்திருக்குது. கீழ கெடக்கற பேப்பரையெல்லாம் எடுத்து மேல வையுங்க," என்றாள். அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஏழரைக்கு அவளுக்குப் பஸ்.

கடல் ஏன் வந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என்னுடைய ரசனையைப் பார்க்கத்தான் வந்தது என்று சொல்லியிருப்பேன். அப்படித்தான் நான் உண்மையிலேயே நம்பினேன். அர்த்தநாரி என்கிற நான், திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷம் மெர்ச்சண்டைசராக இருப்பவன். வெள்ளைக்காரர்கள் அனுப்பும் படங்களில் அவர்களுடைய வீடுகளைப் பார்த்துப் பார்த்து, துருப்பிடித்தது அழகு, வெடித்தது அழகு, சாயம் போனது இன்னும் அழகு என்று கண் கெட்டுப்போனவன். கல்யாணத்துக்கு மாமனார் செய்து கொடுத்த தேக்கு அலமாரி பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நாசமாக்கியவன். லீவு கிடைத்தால் கடற்கரை ஊர்களுக்குப் போய், சிப்பி, சங்கு, அலை தேய்த்த கண்ணாடிச் சில்லு, கடல் ஒதுக்கிய கட்டை என்று மூட்டை கட்டிக்கொண்டு வருவேன். பழைய சாமான் கடைகளில் காது உடைந்த ஜாடியும் கண்ணாடி இல்லாத அரிக்கேன் விளக்கும் வாங்குவேன். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள், "ஏம்ப்பா, வீடு மாத்தறீங்களா?" என்று கேட்பார்கள்.

கடல் வருவதற்குப் பதினேழு நாள் முன்னால், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சாலையோரப் பழைய சாமான் கடையில், உடைந்துபோன வள்ளம் ஒன்றின் பலகையை வாங்கியிருந்தேன். அணியத்துப் பலகை, அதாவது படகின் முன்பக்கத்துப் பலகை. நீலச் சாயம் பாதி உரிந்து, ஓரத்தில் ஆணித் துளைகளோடு, என் கண்ணுக்கு ரதிமாதிரி இருந்தது. அதை டி.வி.க்கு மேலே ட்ரில்லிங் மெஷின் வைத்து முடுக்கி, மேலே சங்குகளை வரிசையாக அடுக்கி, படம் எடுத்து இன்ஸ்டாவில் போட்டேன். 'அலைகளின் நினைவு' என்று தலைப்பு வைத்தேன். நாற்பத்தோரு பேர் லைக் போட்டார்கள். அதில் ஆறு பேர் என் கம்பெனியில் எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள்.

கடல் மறுநாளும் வந்தது; காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை; நாளுக்கு முக்கால் மணி நேரம் தள்ளித் தள்ளி வந்தது. வாசற்படியைத் தாண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்தாலும் படியோரம் வந்து, ஒரு விரற்கடை விட்டு, மரியாதையாக நின்றுகொண்டது. மூன்றாம் நாள் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் நல்லமுத்து வந்தார். குடிநீர்த் துறையில் முப்பத்திரண்டு வருஷம் குழாய்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, டார்ச் லைட்டோடு சுவரின் அடியெல்லாம் தேடினார். பிறகு கீழ்வீட்டுக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"கீழ ஒரு சொட்டு ஈரம் இல்லீங். கசிவு இல்லீன்னா புகாரும் இல்லீங்," என்றார். "ஆனா ஒண்ணு. மூணாவது மாடிக்கு மோட்டார் இல்லாம தண்ணி ஏறுதுன்னா, இத இத்தன வருசமா எங்களுக்கு யாருமே சொல்லிக் குடுக்கலீங் பாருங்க." அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. கடல் பொதுச் சொத்து என்றும், ஹால் அர்த்தநாரியின் சொத்து என்றும், ஆகவே கடல் இருக்கும் நேரத்தில் மட்டும் ஹால் பொதுவென்றும் கைதூக்கி முடிவு செய்தார்கள். லிப்ட் பக்கத்துப் பலகையில், மோட்டார் நேரம், குப்பை வண்டி நேரம் என்று இருந்ததற்குக் கீழே, 'கடல் நேரம்' என்று ஒரு வரி சேர்ந்தது. இரண்டாம் மாடி சௌந்தரம் அக்கா முட்டிவலிக்கு உப்புத் தண்ணி நல்லது என்று தினமும் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். குழந்தைகள் என் இத்தாலியத் துணி சோபாவின் மேலே ஏறி நின்று தண்ணீரில் குதித்தார்கள். கடல் விட்டுவிட்டுப் போன சின்ன மீன்களை யாரோ பொறுக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் கருவாடு காயப்போட, நான்கு சைவக் குடும்பங்கள் சண்டைக்கு வர, மேற்கே இருந்து காற்று அடிக்கிற நாளில் காயப்போடக் கூடாது என்று சமாதானமானது. அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாடகை விளம்பரத்தில், 'லிப்ட் வசதி, கார் நிறுத்தும் இடம், நடந்துபோகும் தூரத்தில் கடல்' என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன். பதினைந்து நாளில் கரூர்க்காரர்களுக்கு எங்கள் கடல் பழகிப்போனது. அமராவதி ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள்.

நான் மட்டும் பழகாமல் திரிந்தேன். கடல் எனக்காக வந்ததல்லவா! அது ஒவ்வொரு தடவையும் போகும்போது எதையாவது விட்டுவிட்டுப் போகும். பிளாஸ்டிக் பாட்டில், அறுந்த செருப்பு, நைலான் கயிறு என்று கொண்டுவந்தால், யாரும் பார்ப்பதற்குள் பெருக்கிக் குப்பையில் போடுவேன். சங்கோ பழைய பொருளோ கொண்டுவந்தால் தட்டித் துடைத்து நீலப் பலகைமேல் வைப்பேன். இப்படிக் கடலையே திருத்திப் படம் பிடித்துப் போட்டதில் நாற்பத்தோரு பேர் பதினோராயிரம் பேர் ஆனார்கள். சென்னையிலிருந்து ஒரு வீட்டு அலங்காரப் பத்திரிகைக்காரர்கள் ஆடி அமாவாசை முடிந்த வாரம் வந்து படமெடுப்பதாகச் சொன்னார்கள். நான் லினன் சட்டை இரண்டு தைக்கக் கொடுத்தேன்.

ஆடி பிறந்த அன்று கடல் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்தது. மூடியைச் சுற்றிப் பொடிச் சிப்பிகள் ஒட்டி, கல்லாக இறுகியிருந்தது. மூடியின்மேல் பாத்திரக்கடையில் வெட்டிய எழுத்து: க. பிலோமி.

"குடுங்க, புளி போட்டுத் தேய்ச்சுத் தொறந்து பாக்கறேன்," என்றாள் வசுமதி.

"தொடாத! அந்தச் சிப்பிதான் அழகே," என்று பிடுங்கிக்கொண்டேன். பலகையின் நடுவில் வைத்துப் படமெடுத்து, 'யார் இந்தப் பிலோமி? காலம் மட்டுமே அறியும்' என்று எழுதிப் போட்டேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

காலத்தைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருந்தது. அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம், கதவு தட்டினார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, கையில் ஒரு மஞ்சப்பை, இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. பூப்போட்ட வாயில் சேலை கட்டியிருந்தார். கழுத்தில் ஜெபமாலை.

"எய்யா, தூக்குச்சட்டி படம் போட்டது நீங்கதானா? என் மவ போன்ல காட்டுனா. நாந்தான் பிலோமி," என்றார்.

பத்திரிகைக்காரர்கள் குறிப்பாக அந்தத் தூக்குச்சட்டியைத்தான் கேட்டிருந்தார்கள். நாற்பத்தாறு வயது மனிதன், முழுக்கைச் சட்டை போட்டவன், கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்: "அது ஒரு கடையில வாங்குனதுங்கம்மா. அந்தப் பேர்ல எத்தனையோ பேர் இருப்பாங்க."

அந்த அம்மா என்னைத் தாண்டி ஹாலைப் பார்த்தார். தூக்குச்சட்டியைப் பார்த்தார். பிறகு அதன் கீழே இருந்த நீலப் பலகையைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

வசுமதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "இவரு பொய் சொல்றாருங்கம்மா. கடையில வாங்குனது அந்தப் பலகைதான். தூக்குச்சட்டி கடல் கொண்டாந்து வெச்சது," என்றாள். எங்கள் பத்தொன்பது வருஷத்துத் தாம்பத்தியத்தில் அவள் மற்றவர்கள் முன்னால் என்னை அப்படிச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவுமில்லை.

பிலோமியம்மா எங்கள் வீட்டில் தங்கினார். அன்று சாயங்காலம் கடல் வந்தபோது, சௌந்தரம் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தண்ணீரிலேயே கால் நீட்டி உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொன்னார். அவர் வீட்டுக்காரர் கஸ்பார் கடலுக்குப் போய்ப் பதினோரு வருஷம். வள்ளம் உடைந்து பலகை பலகையாகக் கரையொதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. ஒதுங்கியதையெல்லாம் கொழுந்தன் பழைய சாமான்காரனுக்குத் தூக்கிப் போட்டுவிட்டான். அதில் ஒன்றுதான் என் நீலப் பலகை.

"அன்னைக்கு வெள்ளன எனக்கும் அவுகளுக்கும் சண்டை. எதுக்குன்னு கேட்டா இப்ப நெனவு கூட இல்லம்மா. ஒங் கையால ஆக்குனத இனி தின்னவே மாட்டேம்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாக. எனக்கு மனசு கேக்கல. சாளை மீன் கொழம்பும் சோறும் தூக்குல போட்டு, கூடப் போற அமலதாசு அண்ணன்ட்ட குடுத்து, வள்ளத்துல வச்சிருங்கண்ணே, பசிச்சா தின்னுவாகன்னு சொன்னேன். அமலதாசு அண்ணனும் திரும்பி வரல. தின்னாகளா, கோவத்துல தூக்கிக் கடல்ல எறிஞ்சாகளா, யார்ட்ட போயிக் கேப்பேன்?"

அவருடைய ஊரில் பாதர் பல தடவை சொல்லிப் பார்த்தாராம், இறந்தவர்களுக்கான பூசையில் கஸ்பார் பேரைச் சேர்க்கலாம் என்று. பிலோமியம்மாதான் விடவில்லை. பேரைச் சேர்த்துவிட்டால் கேட்க வேண்டியதைக் கேட்க முடியாமல் போய்விடும் என்று பயம். பதினோரு வருஷமாகப் பூவும் வைக்காமல், வெள்ளையும் கட்டாமல், இரண்டுக்கும் நடுவில் நின்றிருக்கிறார்.

"இந்தாங்க, இப்பவே தொறந்து பாத்துருங்க," என்று தூக்குச்சட்டியை எடுத்து நீட்டினேன். என் குற்றத்தை ஐந்து நிமிஷத்தில் கழுவிவிடும் அவசரம் எனக்கு.

அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை. "பயமா இருக்குய்யா," என்றார்.

குடியிருப்பில் செய்தி பரவியது. நல்லமுத்து என்னைத் தனியாகப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அந்தம்மா பலகையக் கேட்டா என்னங் பண்ணுவீங்க? பலகையாலதான் கடல் வருதுன்னு எனக்கு ஒரு சந்தேகம். நாளன்னைக்கு ஆடி அமாவாசை. ராமேஸ்வரத்துக்குப் போட்ட டிக்கெட்டெல்லாம் ஜனங்க கேன்சல் பண்ணிட்டு உங்க ஹாலுக்கு வர்றதா இருக்காங்க. அது முடியற வரைக்குமாச்சும் வாயத் தொறக்காதீங்க." நான் தலையாட்டினேன். அவருக்கு அமாவாசை, எனக்குப் பத்திரிகை. இரண்டு பேரும் அந்த அம்மாவுக்காகக் கவலைப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு மேலே வந்தோம்.

ஆடி அமாவாசை அன்று காலை ஏழரைக்குக் கடல் இடுப்பளவு வந்தது. அதுவரை அவ்வளவு வந்ததில்லை. படிக்கட்டில் தரைத்தளம் வரை வரிசை. எள்ளும் தர்ப்பையும் பச்சரிசியும் வைத்த தட்டுகளோடு, ஈர வேட்டிகளும் ஈரச் சேலைகளுமாக, ஒரு தடவைக்கு இருபது பேர் என்று நல்லமுத்து உள்ளே விட்டார். தர்ப்பணம் செய்து வைக்க வந்த ஐயர் என் சாப்பாட்டு மேஜைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து மந்திரம் சொன்னார். அப்பா பேர், தாத்தா பேர், அம்மா பேர் என்று ஒவ்வொருவரும் முணுமுணுக்க, முணுமுணுக்க, என் ஹால் முழுக்கச் செத்துப்போனவர்களின் பேராக நிரம்பியது. சுப்பண்ணன், காளியம்மாள், ராக்கியண்ணன், பாவாயி. முகம் தெரியாத யார் யாரோ. நானும் என் அப்பா பேரைச் சொன்னேன். தண்ணீருக்கு மேலே தெரிந்த என் சோபாவின் முதுகெல்லாம் எள் ஒட்டியது. அன்று அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை என்று சொல்ல ஆசைதான்; உண்மையில் இரண்டு தடவை தட்டிவிட்டேன்.

மூலையில், நீலப் பலகைக்கு நேர் கீழே, பிலோமியம்மா இடுப்பளவுத் தண்ணீரில் தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். சுற்றிலும் பேர்களைக் கேட்டுக்கொண்டே நின்றவர், திடீரென்று வசுமதியைப் பார்த்து, "யம்மா, ஒரு கத்தி இருந்தாத் தாயேன்," என்றார்.

வசுமதி காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து, தானே மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டினாள். என் அழகெல்லாம் பொடிப்பொடியாகத் தண்ணீரில் விழுந்தது. மூடி திறந்தது.

சாளைக் குழம்பு வாசனை, அந்த நிமிஷம்தான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோல, ஹால் முழுக்கப் பரவியது. விரதம் இருந்த சைவர்கள்கூட மூக்கைப் பொத்தவில்லை. தூக்குக்குள் ஒரு பருக்கை இல்லை. விரலால் வழித்த தடம் உள்பக்கம் சுற்றிலும் தெரிந்தது. மூடியின் குழிக்குள் ஆறு மீன்முள், தலையெல்லாம் ஒரு பக்கம், வாலெல்லாம் ஒரு பக்கம், வகுப்பில் பிள்ளைகளை நிறுத்தியதுபோல வரிசையாக இருந்தன.

"இப்படித்தான் அடுக்குவாக," என்றார் பிலோமியம்மா. "முள்ளக் கண்ட எடத்துல போட மாட்டாக. இப்படித்தான் அடுக்குவாக." பிறகு எங்களையெல்லாம் திரும்பிப் பார்த்து, சாட்சிக்குக் கூப்பிடுவதுபோல, உரக்கச் சொன்னார்: "தின்னிருக்காக! பாருங்க, வழிச்சுத் தின்னிருக்காக!"

சௌந்தரம் அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு பிலோமியம்மா ஐயரிடம் போய், "சாமி, நான் வேதக்காரி. நானும் ஒரு கை எள்ளு போடலாமா?" என்று கேட்டார்.

"போடும்மா," என்றார் ஐயர். பழக்கதோஷத்தில், "கோத்திரம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கடலு," என்றார் பிலோமியம்மா.

ஐயர் ஒரு விநாடி யோசித்துவிட்டு, "சரி. பேர் சொல்லு," என்றார்.

"கஸ்பார். கஸ்பார் பர்னாந்து," என்று சொல்லி, எள்ளையும் தண்ணீரையும் விரலிடுக்கு வழியாக விட்டார். பதினோரு வருஷத்தில் அந்தப் பேரை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்போது நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீலப் பலகையைக் கழற்றினேன். பெருந்தன்மையால் கழற்றினேன் என்று ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நடந்தது என்னவென்றால், வசுமதி ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, ஸ்டூலையும் போட்டு, இரண்டு நாளில் முதல் தடவையாக என்னோடு பேசினாள்: "ஏறுங்க."

"ஏனுங், இன்னும் கீழ அறுபது பேரு நிக்கறாங்க!" என்று நல்லமுத்து கத்தினார். ஆனால் சங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டவரும் அவர்தான். பலகையைக் கீழே இறக்கியதும் பிலோமியம்மா அதைத் தடவிப் பார்த்தார். "எனக்கு எதுக்குய்யா இது? அவுகளோட போகட்டும்," என்றார். நானும் நல்லமுத்துவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மிதக்க விட்டோம். வடியத் தொடங்கிய கடல் அதை டி.வி. சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், சுவரையும் தாண்டிப் போனது. கூடவே என் கட்டைகள், கண்ணாடிச் சில்லுகள், காது உடைந்த ஜாடி, அரிக்கேன் விளக்கு எல்லாம் போயின. தேக்கு அலமாரியை மட்டும் அது தொட்டுப் பார்த்து விட்டுவிட்டது; நான் கெடுத்து வைத்த பொருளைக் கடலும் வேண்டாம் என்றுவிட்டது.

பிறகு கடல் வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்து, வெறும் சுவரில் எட்டு ஓட்டைகளைப் பார்த்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள். பதினோராயிரம் பேர் மெல்ல மெல்ல வேறு வீடுகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். கம்பெனியில் அந்த ஆறு பேர் இன்னும் இருக்கிறார்கள்.

ஆவணியில் பிலோமியம்மாவின் கடிதம் வந்தது. கஸ்பாருக்குப் பூசை வைத்திருக்கிறது, எல்லாரும் வர வேண்டும் என்று எழுதியிருந்தார். குடியிருப்பே ஒரு வேன் பிடித்துப் போனது. கோயிலில் பாதர் பேர் வாசித்தபோது எங்கள் ஆட்கள் என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து நின்றார்கள். பிலோமியம்மா வெள்ளைச் சேலையில், நேராக நின்றிருந்தார். மத்தியானம் சாப்பாடு போட்டார். சைவர்களுக்குத் தனியாகச் சாம்பார் வைத்திருந்தார். அதிலும் இரண்டு பேர் மீன்குழம்பு கேட்டு வாங்கியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கரைக்குப் போனோம். வானம் தொடும் வரைக்கும் தண்ணீர் கிடந்தது. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் வேறு கடலைப் பார்த்ததே இல்லை. நல்லமுத்து பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கி, அலையில் நின்று, குனிந்து ஒரு விரல் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். வாயைச் சப்புக்கொட்டி யோசித்தார். பெரிய மனசோடு, அந்த ஊர்க்காரர்கள் மனம் நோகக் கூடாதே என்கிற தொனியில் சொன்னார்:

"நல்லாத்தானுங் இருக்குது. இருந்தாலும் நம்ம கரூர்க் கடல் மாதிரி வராதுங்."

பிலோமியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் நிற்கவில்லை. தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்து, கையால் தரையை அடித்து அடித்துச் சிரித்தார். சௌந்தரம் அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது, பிறகு வசுமதிக்கும். தூரத்தில் வலையைப் பிரித்துப் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நெற்றிக்கு மேல் கையை வைத்து எங்கள் பக்கம் பார்த்தார்.

"யாரது," என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார், "நம்ம பிலோமியா சிரிக்கா?"